இரவல் கையுறை

2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். 5.45க்குப் பால் வாங்கி வந்தேன். ஆறு மணி முதல் 6.40 வரை நடை. குளித்து, மூன்று தோசை சாப்பிட்டு, 8.40க்கு ஆபீஸைத் திறந்தேன். ஆபீஸ் என்றால் பனியன் வேஸ்ட் துணி தரம் பிரிக்கும் குடோனுக்கு மேலே ஒரே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பஞ்சுத் தூசி வரும், மூடினால் புழுங்கும். ஒரு மணி நேரம் திறந்தும் ஒரு மணி நேரம் மூடியும் வைப்பது என் வழக்கம்.

முதல் வேலையாக என் வாடிக்கையாளர்களின் வெப்சைட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலும் பனியன் கம்பெனிகள், நடுவே இரண்டு பாத்திரக் கடைகள். எல்லாம் சரியாகத் திறந்தால் நோட்டில் ஒரு டிக். அன்று எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது. 9.40க்குப் போன் வந்தது.

பேசியவர் பெருமாநல்லூர்ப் பக்கம் உள்ள ஒரு கம்பெனியின் மேனேஜர். அந்தக் கம்பெனிக்கு 2020இல் சைட் செய்து கொடுத்தேன். அவர் சொல்லி என்னிடம் வந்தவர்கள் ஏழு பேர். அந்த எண்ணிக்கையை நான் மறப்பதில்லை, அவரும் மறப்பதில்லை.

“ஏனுங்க, நம்ம சைட்ல கட்டிங் செக்‌ஷன் போட்டோ ஒண்ணு இருக்குதுங்கள்ல? ஸ்டீல் கிளவுஸ் போட்டுட்டு ஒருத்தரு நிக்கறாரே, அது நீங்க எடுத்ததுதானுங்களே?”

“ஆமாங்க.”

“அந்தாளுக்குத்தானுங்க போன மாசக் கடைசீல கை மெஷின்ல போயிருச்சு. ரெண்டு விரலு. இப்ப லேபர் ஆபீசர் ஒருத்தரு வந்து விசாரிக்கறாரு. கிளவுஸெல்லாம் குடுத்துத்தான் வெச்சிருக்கறோம், அவருதான் போடலீன்னு சொல்லி நம்ம சைட்டைத் தொறந்து காமிச்சேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுட்டுப் பாக்கறாரு. பாத்துப்போட்டு, இது இவரே இல்லீங்களேங்கறாரு.”

“ஏனுங்க?”

“படத்துல இருக்கறவரு நொட்டாங்கையில மெஷினப் புடிச்சிருக்கறாருங்க. நம்ம ஆளு சோத்தாங்கைக்காரரு. மூணு வருசமா அத ஒருத்தருமே பாக்கலீங்க, நானுந்தான்.”

நான் ஒரு கணத்தில் புரிந்துகொண்டேன். படத்தைத் திருப்பிப் போட்டது நான்தான். அந்தப் பக்கத்தில் எழுத்துகள் வலப்புறம் வந்தன. அசல் படத்தில் அவர் இடப்புறம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதுபோல் இருந்ததால், கண்ணாடியில் தெரிவதைப்போல் இடம் வலமாகத் திருப்பினேன். சுவரிலிருந்த கடிகாரம் இடம் வலம் மாறிய எண்களோடு தெரிந்தது. அந்த மூலையை வெட்டிவிட்டேன். ஐந்து நிமிட வேலை. அதை மேனேஜரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அடடா, நீங்க திருப்பிப் போட்டு எங்க ஆளையே மாத்தீட்டீங்க பாருங்க. சரி, அசல் போட்டோவ, எடுத்த தேதி தெரியறாப்ல அனுப்பி உட்ருங்க. கூடவே உங்க லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி. வேல நேரத்துல எடுத்ததுன்னு. நாங்க குடுத்தும் போடலீன்னா என்னங்க பண்றது? தப்பு அவருதுன்னு ஆயிப்போச்சுன்னா கேஸு முடிஞ்சுதுங்க.”

வாடிக்கையாளர் எது கேட்டாலும் பதினைந்து நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும் என்பது என் தொழில் வழக்கம். அன்றும் பிசகவில்லை. 9.52க்கு மெயில் போய்விட்டது. அசல் படம், 2020 பிப்ரவரி 19, காலை 11.35. படத்திலிருக்கும் சுவர்க் கடிகாரமும் அதையே காட்டியது. இணைத்த கடிதத்தில் இப்படி எழுதினேன்: “படத்தில் இருப்பவர் இந்நிறுவனத்தின் கட்டிங் பணியாளர். படம் இந்நிறுவனத்தின் கட்டிங் ஹாலில், வேலை நேரத்தில், என்னால் எடுக்கப்பட்டது.” அனுப்பும் முன் ஒருமுறை படித்தேன். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. ஒரு புள்ளி விட்டுப் போயிருந்ததையும் வைத்தேன்.

அந்த ஹாலைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீளமான மேசையில் துணியை மடிப்பு மடிப்பாக ஒரு சாண் உயரத்துக்கு விரித்திருப்பார்கள். மேல் மடிப்பில் சாக்பீஸ் கோடு. நின்ற வாக்கில் ஓடும் கத்தி மெஷினை வலக்கையால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். துணி நகராமலிருக்க இடக்கையால் கத்திக்கு முன்னே அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த இடக்கைக்குத்தான் சின்னச் சின்னக் கம்பி வளையங்களைக் கோத்துச் செய்த கையுறை. ஸ்டீல் கிளவுஸ் என்பார்கள்.

அந்தக் கம்பெனியில் அது இல்லை. 9.52க்கு இதை நான் மறந்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மறக்கவில்லை. அந்தச் சமயம் அந்தப் பக்கம் மனத்தைத் திருப்பவில்லை.

மதியம் 1.15க்குச் சாப்பாடு. 2.10க்கு என் நாட்குறிப்பைத் திறந்தேன்.

பக்க வேலையாக நான் தொடங்கியவை பல. தாராபுரம் பஸ் நேரம் காட்டும் பக்கம் ஒன்று 2017இல் செய்தேன். பஸ் நேரங்கள் மாறிவிட்டன, பக்கம் மாறவில்லை. இன்றும் யாராவது அதை நம்பி ஸ்டாப்பில் நிற்கக்கூடும். மின்தடை அறிவிப்புப் பக்கம் நான்கு மாதம் ஓடியது. முழுமையாக முடித்தது ஒன்றுதான், எனக்காகச் செய்துகொண்ட நாட்குறிப்பு. காகித டைரிகளில் தேடி அலுத்து, 2019இல் நானே எழுதினேன். ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் நாட்களையெல்லாம் எடுத்துக் காட்டும். அதில் நான் பெருமைப்பட்ட ஏற்பாடு ஒன்று உண்டு. எழுதியதைத் திருத்தினால் பழைய வடிவம் அழியாது. திருத்திய நேரத்தோடு கீழே நிற்கும். ஒரு வாடிக்கையாளர் தானே ஒப்புக்கொண்ட வாசகத்தைத் தான் பார்க்கவே இல்லை என்று சாதித்த பிறகு, எல்லாவற்றிலும் இந்த ஏற்பாட்டைச் செய்யத் தொடங்கினேன். என்னையே சந்தேகித்து அதைச் செய்யவில்லை.

“கையுறை” என்று தட்டினேன். ஒரே ஒரு நாள் வந்தது.

“19.02.2020, புதன். 10.15 பெருமாநல்லூர்க் கம்பெனி. கட்டிங் ஹாலில் யார் கையிலும் கையுறை இல்லை. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் பார்க்கும் சைட், கையுறையோடு எடுத்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். கம்பெனியில் இல்லை என்றார் மேனேஜர். 10.50 அனுப்பர்பாளையம், இன்னொரு வாடிக்கையாளரிடம் ஒன்று இரவல் வாங்கினேன். 11.35 படம். மொத்தம் பதினான்கு. 12.30 கையுறையைத் திருப்பிக் கொடுத்தேன்.”

சொன்னது நான். வாங்கி வந்தது நான். ஸ்கூட்டரின் முன் கொக்கியில் மாட்டிக்கொண்டு போனதும் வந்ததும் நான். மேனேஜருக்குக்கூட அந்த யோசனை இருக்கவில்லை. மற்ற கம்பெனிகளின் சைட்டில் இதெல்லாம் இருக்கிறது என்று நான் அடுக்கியபோது, “உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ பண்ணுங்க” என்று மட்டும் சொன்னார்.

அந்த மனிதருக்குக் கையுறை பெரிதாக இருந்தது. மணிக்கட்டில் வாரை இறுக்கிவிட்டேன். “கல்யாண மோதிரங்கூட எனக்கு இப்படி இறுக்கல சார்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு எடுத்த படம்தான் சைட்டில் வந்தது. என் சொந்த வெப்சைட்டில் நான் செய்த வேலைகளைக் காட்டும் பக்கத்திலும் மூன்றரை வருடமாக அதுதான் முதல் படம்.

அவரைப் பார்க்கப் போனேன். நலம் விசாரிப்பது முறைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு டஜன் சாத்துக்குடியும் வாங்கினேன். 4.10க்கு அவர் குடியிருக்கும் லைன் வீட்டை அடைந்தேன். வரிசையாக எட்டு வீடுகள், அவருடையது கடைசி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினாறு வருடமாயிற்று என்று முன்பு சொல்லியிருந்தார். அவர் மனைவி இன்னொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். கணவரைப் பார்த்துக்கொள்ள லீவில் இருந்தார்.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுப் போட்ட இடக்கை தலையணை மேல் இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு தட்டையாக இருந்தது.

“வாங்க சார், வாங்க. ஏட்டி, அந்தச் சேர இழுத்துப் போடு. நம்ம படத்தை எடுத்தாருல்லா, அந்த சார்.”

“தெரியும்” என்றார் மனைவி. “ஸ்கூட்டர்ல கிளவுஸ் கொண்டாந்த சார்.”

சேரில் உட்கார்ந்தேன். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“வலி இருக்கத்தான் செய்யி. ராத்திரி இல்லாத வெரலு அரிக்கி சார், சொறியப் போனா அங்க ஒண்ணுமில்ல.” அவர் சிரித்தார். “இனி கிளவுஸ் வாங்குனா மூணு வெரலோட வாங்கணும். மிச்சத்துக்குத் தள்ளுபடி கேக்கணும்.”

“இவியளுக்கு எல்லாஞ் சிரிப்புத்தான்” என்றார் மனைவி. சாத்துக்குடிப் பையை வாங்கியவர் அதைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “கம்பெனில என்ன சொல்லுதாங்கன்னு தெரியுமா சார்? கிளவுஸ் குடுத்தாங்களாம். இவிய கழத்திப் போட்டுட்டு வேல பாத்தாவளாம். ஆபீசரு மொத நம்பல. படத்துல இருக்கது வேற ஆளுன்னுட்டாரு. நாங்களும் சாமி இருக்குன்னு நெனச்சோம். இன்னைக்கு மத்தியானம் போன் பண்ணுதாங்க, ஒரிஜினல் போட்டோ வந்துட்டாம், தேதியோட. இவியதானாம், ருசுவாயிட்டாம்.”

நான் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிலோரம் வைத்தேன்.

“போட்டோ உங்ககிட்டதான சார் இருக்கும்?”

“கம்பெனீலயும் ஒரு காப்பி இருந்திருக்குமுங்க” என்றேன்.

அன்று முழுவதும் நான் சொன்னவற்றில் வெறும் பொய் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். கம்பெனியில் காப்பி கிடையாது. இருந்திருந்தால் என்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள். பொய் அவ்வளவு வழுக்கிக்கொண்டு வாயிலிருந்து வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“சும்மா இருட்டி” என்றார் அவர். “சார் நம்மளப் பாக்க வந்திருக்காரு. நீ விசாரணை நடத்துத. காபி போடு.”

அவர் மனைவி நகரவில்லை. “அன்னைக்கு ஒரு நாளுதான் அத இவிய கையில போட்டாவ. நீங்க கொண்டாந்திய, நீங்களே வாங்கிட்டுப் போனிய. வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ. வெள்ளிக்கிழம ஆபீசரு எழுதி முடிச்சிருவாராம். தப்பு இவிய மேலன்னு எழுதிட்டா வேலயும் போச்சு, நஷ்ட ஈடும் கெடையாது. கவனமில்லாத ஆளுன்னு பேராயிட்டா வேற கட்டிங் ஹால்ல யாரு சார் வேலைக்குச் சேத்துக்கிடுவாவ? வாய்ச்சொல்லு பத்தாது, ஏதும் எழுத்துல இருந்தா கொண்டாங்கன்னாரு. எங்ககிட்ட என்ன எழுத்து இருக்கு? உங்களுக்கு எதும் ஞாபகம் இருக்கா?”

“தேதியெல்லாம் பாத்துத்தான் சொல்லணுமுங்க” என்றேன்.

இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் தேதியைப் பார்த்திருந்தேன். தேதி மட்டுமா, மணியும் நிமிடமும்.

“பாருங்க சார்” என்றார் அவர். அதில் குத்தல் இல்லை. “சார் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவருட்டி. அன்னைக்கே பாத்தேன், எங்க ஹால்ல எத்தன டியூப்லைட்டுன்னு எண்ணி எழுதுனாரு.” பிறகு வலக்கையால் தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். திறந்ததும் வந்தது அந்தப் படம். மகள் வைத்துக் கொடுத்ததாம். சைட்டிலிருந்து எடுத்ததால் அதுவும் திருப்பிய படம். “நானும் பாத்துட்டே இருந்தேன், இதுல என்னமோ என்னப்போல இல்லையேன்னு. அழகா இருக்கதால அப்படித் தோணுதுன்னு நெனச்சேன்.”

காபி வந்தது. குடித்தேன். 4.45க்குக் கிளம்பினேன். வாசல்வரை வந்த அவர் மனைவி தன் போன் நம்பரைச் சொன்னார். நோட்டில் குறித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே நாகரிகம் குறித்துக்கொள்வது.

6.35க்கு வீடு. கை கால் கழுவி, லேப்டாப்பைத் திறந்து, 2020 பிப்ரவரி 19ஆம் நாளை மறுபடி எடுத்தேன். திருத்தும் பொத்தானை அழுத்தினேன். “கட்டிங் ஹாலில்” என்பதிலிருந்து “இரவல் வாங்கினேன்” வரை அழித்தேன். “12.30 கையுறையைத் திருப்பிக் கொடுத்தேன்” என்பதையும் அழித்தேன். மீதம் இருந்தது, ஒரு கம்பெனிக்குப் போனதும் பதினான்கு படம் எடுத்ததும். யாராவது எப்போதாவது கேட்டால், என் குறிப்பில் அப்படி ஒன்றுமில்லை என்று சொல்லலாம். அதுவும் சொல்லுக்குச் சொல் உண்மையாகவே இருக்கும். ஏழு வாடிக்கையாளர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களை மட்டும்தான் நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் அது என்னைக் கொஞ்சம் காப்பாற்றுவதாகும். நான் செய்தது வெளியே தெரியக் கூடாது என்பதுதான் முதலில் இருந்தது.

சேமித்ததும் கீழே ஒரு வரி தோன்றியது. “திருத்தப்பட்டது: 12.09.2023, மாலை 6.52. முந்தைய வடிவம் உள்ளது.”

அந்த வரியை எழுதியவன் நான். அது தோன்றாமலிருக்க ஒரு பொத்தானும் வைக்காதவனும் நான். ஆனால் உள்ளே போய், சேமிப்பிலிருந்தே பழைய வடிவத்தை எடுத்தெறிய எனக்குத் தெரியும். இரண்டு கட்டளைகள் போதும். ஒன்றைத் தட்டி முடித்தும்விட்டேன். என்டர் அழுத்தவில்லை. இருபது நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், மூடிவிட்டு எழுந்தேன். நேர்மை என்னைத் தடுத்தது என்று சொல்ல முடியாது. இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

“அந்தக் கட்டிங்காரரப் பாத்தீங்களா? எப்படி இருக்கறாருங்க?” என்று மனைவி கேட்டாள்.

“நல்லா சிரிச்சுப் பேசறாரு.”

“கையி?”

“போனது போனதுதான்.”

“அவரு சிரிக்கறாரு, உங்க மொகந்தான் செத்துக் கெடக்குது” என்றாள். “இன்னொரு இட்லி வெக்கட்டுங்களா?”

வேண்டாம் என்றேன். 8.30க்கு அன்றைய குறிப்பை எழுதினேன். எழுந்தது, பால், நடை, தோசை, ஜன்னல், எல்லாம் மணியோடு. 9.52க்கு “மெயில் ஒன்று.” 4.10க்கு “ஒருவரை நலம் விசாரித்தேன்.” ஒரு டஜன் சாத்துக்குடியை எழுதினேன், அவர் மனைவி கேட்டதை எழுதவில்லை. எண்ணுவது சரியாக இருந்தால் மனிதன் சரியாக இருக்கிறான் என்று இருபத்தைந்து வருடமாக நம்பியிருக்கிறேன். டியூப்லைட்டுகளை எண்ணியதை அவர் நினைவில் வைத்திருந்தார். யார் கையிலும் கையுறை இல்லை என்பதையும் அதே நோட்டில், அதே பக்கத்தில்தான் குறித்தேன். குறித்துவிட்டு, படத்துக்கு எங்கே நின்றால் வெளிச்சம் வரும் என்று பார்த்தேன். படத்துக்குக் கையுறை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வேலைக்கு வேண்டும் என்று தோன்றவே இல்லை. 9.30க்கு விளக்கை அணைத்தேன்.

செப்டம்பர் 13, புதன்கிழமை. 5.20க்கு எழுந்தேன். பால் வாங்கப் போகவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக ஆபீஸுக்குப் போனேன். 5.50க்குப் பிரிண்டரைப் போட்டேன். முதல் தாளில் பிப்ரவரி 19இன் பழைய வடிவம், எழுதிய நாளும் நேரமும் தெரிய. இரண்டாவது தாளில் பதினான்கு படங்களும் சிறிது சிறிதாக. முதல் மூன்றில் அவர் கை வெறுங்கை. கடைசிப் படத்தில் ஸ்கூட்டர் கொக்கியில் கையுறை தொங்குகிறது. அதை ஏன் எடுத்தேன் என்று நினைவில்லை. இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். முதல் தாளின் அடியில், கையுறையைக் கொண்டுவந்ததும் திருப்பிக் கொடுத்ததும் நான், நேற்றைய கடிதத்தில் இதைச் சொல்லாமல் விட்டதும் நான் என்று பேனாவால் எழுதினேன்.

மூன்றாவது தாள், நேற்று மாலை 6.52க்கு நான் திருத்திய வடிவம். அது இல்லாமலும் மற்ற இரண்டும் போதும். ஆபீசருக்குத் தேவையானது எல்லாம் அவற்றில் இருக்கிறது. பிரிண்ட் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கீழே குடோனில் யாரோ ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. அழுத்தினேன். சூடு ஆறாமல் வந்த தாளை அடியில் வைத்து, மூன்றையும் சேர்த்துப் பின் அடித்துவிட்டு, நோட்டைப் பிரித்து அந்த அம்மாவின் நம்பரைத் தேடினேன்.